இரவல் வாங்கிய சேவல்

என்னிடமிருந்த ஒரே சேவலைத் தெருநாய் கவ்விக்கொண்டு போனபோது, நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்க்கடையில் உட்கார்ந்து ஒருவருக்குப் பட்டா மனு டைப் செய்துகொண்டிருந்தேன். கணவர் போனில் சொன்னார். மனுவை முடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் சிவப்பு இறகுகள் சிதறிக் கிடந்தன. பெட்டைகள் நான்கும் கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தன.

அவை மொட்டைக் கழுத்துக் கோழிகள். தலைக்குக் கீழிருந்து மார்பு வரைக்கும் ஓர் இறகுகூட இருக்காது, சிவந்த தோல்தான். பிறவியே அப்படி. தெரியாதவர்கள் நோய் என்று நினைப்பார்கள். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா ஒருவர், “யாருங்க இப்படிப் புடுங்கி விட்டது?” என்று என்னையே சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் சித்திரை வெயிலில் மற்ற கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிழலில் நிற்கும்போது இவை வேலியோரம் குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும். எங்கள் ஊர் வெயிலுக்கென்றே செய்த கழுத்து அது. எட்டு வருடத்துக்கு முன்பு, மார்க்கெட்டில் கீரை விற்கும் பெண் ஒருத்தி ஒரு ஜோடியைக் கூடையில் கொண்டுவந்து, யாரும் வாங்காமல் திரும்ப எடுத்துப் போகப் பார்த்தாள். எல்லோரும் வேண்டாம் என்றதால்தான் நான் வாங்கினேன். என் புத்தி அப்படி.

சேவல் போன செய்தி கேட்டு முதலில் வந்தவர், வாரா வாரம் வண்டியில் ஹேச்சரிக் குஞ்சு கொண்டுவந்து விற்பவர்.

“வுடுங்கக்கா. நாலு பொட்டைய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க? கறிக்குப் போட்டுட்டு நம்ம குஞ்சு அம்பது எடுத்துக்குங்க. முட்டையும் ஜாஸ்தி, எடையும் ஜாஸ்தி.”

“உங்க கோழி அடையில உக்காருமா?”

“அது எதுக்குக்கா உக்காரணும்? குஞ்சு தீர்ந்தா நான் கொண்டாந்து தரமாட்டனா?”

“அதான் வேணாங்கறேன்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. தன் குஞ்சைத் தானே பொரிக்கத் தெரியாத கோழியை வளர்த்தால் ஆயுசுக்கும் அவர் வண்டியை எதிர்பார்த்து வாசலில் நிற்க வேண்டியதுதான். என் கொல்லையில் அடுத்த வருடம் என்ன இருக்கும் என்பதை வேறொருவர் தீர்மானிக்க நான் விடுவதாக இல்லை.

சாதாரண நாட்டுக்கோழிச் சேவலோடு சேர்த்தால் பாதிக் குஞ்சுகளுக்குக் கழுத்தில் இறகு வந்துவிடும். அப்படியே இரண்டு மூன்று தலைமுறை போனால் மிச்சம் எதுவும் இருக்காது. அதனால் மொட்டைக் கழுத்துச் சேவலையே தேடினேன். மனு எழுத வருகிறவர்களிடம் பெயர், தகப்பனார் பெயர், சர்வே எண் கேட்ட கையோடு, “உங்க ஊர்ல மொட்டைக் கழுத்துச் சேவல் யாராவது வெச்சிருக்காங்களா?” என்றும் கேட்டேன். பலர் சிரித்தார்கள். ஒருவர், இந்தக் கேள்வியும் மனுவில் ஒரு கட்டம் போலிருக்கிறது என்று நினைத்து, “இல்லைன்னே போட்டுடுங்க” என்றார். ஒரு மாதம் கழித்து, முதியோர் பென்ஷனுக்கு வந்த பெரியவர் ஒருவர் செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தைச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறினேன்.

சேவல் வேப்ப மரத்தடியில் காலில் துணிக்கயிறு கட்டி நின்றது. நல்ல உயரம். கழுத்து ரத்தச் சிவப்பு. அதன் சொந்தக்காரர் அறுபதை நெருங்கும் விவசாயி. நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

“இது சாமிக்கு நேர்ந்து வுட்டது. போன வருசம் எங்க வூட்டுக்காரிய பாம்பு கடிச்சி வேலூர்ல ஒம்போது நாள் கெடந்தா. பொழச்சி வந்தா இத வெட்றதா எங்க அம்மனுக்குச் சொல்லிக்கீறேன். ஆடி மூணாவது ஞாயித்துக்கெழம பூச.”

“இதவிடப் பெரிய சேவல் ரெண்டா வாங்கிக் குடுத்துடறேங்கண்ணா.”

“இதக் காட்டித்தாம்மா சொன்னேன். இப்ப மாத்திக் குடுத்தா அது ஏமாத்து.”

அவர் சொன்னது நியாயம். ஆனால் எழுந்து போகவும் மனம் வரவில்லை. அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி பஸ் போனது. அவர் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்து, “இன்னும் இங்கயே உக்காந்துகினு கீறியா?” என்றார். ஒரு மணி பஸ்ஸும் போனது. பிழைத்து வந்த அந்த அம்மா எனக்குக் கூழும் வெங்காயமும் கொண்டுவந்து வைத்தார். பாம்பு கடித்த கால் இன்னும் வீங்கித்தான் இருந்தது. இழுத்து இழுத்து நடந்தார்.

கூழைக் குடித்து முடித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது.

“சரிங்கண்ணா. மாத்த வேணாம். இரவல் குடுங்க. நாலு வாரம் என் கோழிங்களோட இருக்கட்டும். பூசைக்கு நானே கொண்டாந்து விட்டுடறேன்.”

அவர் சிரித்தே விட்டார். “சேவல யாராச்சும் இரவல் கேப்பாங்களா?”

“நான் கேக்கறேங்க.”

அந்த அம்மாதான் அவர் பக்கம் திரும்பினார். “குடு. சாவறதுக்கு முன்னாடி அதும் நாலு எடம் பாக்கட்டும்.” பிறகு என்னிடம், “ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. நீ கொண்டாரலன்னா சாமி உன்ன கேக்காது. எங்களத்தான் கேக்கும்” என்றார்.

சேவல் வந்த மறுநாளே கொல்லை அதன் ராஜ்ஜியமாகிவிட்டது. பத்து நாளில் முட்டைகள் சேர்ந்தன. இரண்டு கோழிகள் அடையில் உட்கார்ந்தன. ஏழாம் நாள், இருட்டான சமையலறை மூலையில் முட்டை ஒவ்வொன்றையும் போன் டார்ச்சில் வைத்துப் பார்த்தேன். ரத்த நரம்புகள் சிலந்திக் கால்கள் போல ஓடின. இருபத்திரண்டில் பதினாறில் உயிர் இருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டு சிரித்தேன்.

என் கணவர் ஆசிரமப் பக்கத்து லாட்ஜ்களில் எலக்ட்ரீஷியன். கோழி விஷயத்தில் அதிகம் பேசமாட்டார். பூசைக்கு இரண்டு நாள் முன்பு, சேவல் அவர் கையிலிருந்து குருணை கொத்தித் தின்றுகொண்டிருந்தபோது, “வண்டியில அடிபட்டுச் செத்துப்போச்சுன்னு சொல்லிடலாமே” என்றார்.

“அந்தம்மா காலப் பாத்துக்கிட்டு என்னால அதச் சொல்ல முடியாது” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமியாகவும் வாய்த்தது. கிரிவலத்துக்காகப் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவும் இல்லை. சேவலைக் கூடையில் வைத்து, துணி மூடி, செங்கம் சாலையில் அத்தனை ஜனத்துக்கும் நடுவே நடந்தேன். பாதி வழியில் அது துணியைத் தள்ளிக்கொண்டு தலையை நீட்டியது. ஒரு குழந்தை அலறியது. நெற்றி நிறைய விபூதி பூசிய ஒருவர் என்னை வழிமறித்தார்.

“சாமி சுத்தற எடத்துல கோழியத் தூக்கிக்கினு வர்றியே, அறிவில்ல?”

“இதுவும் சாமிக்குத்தாங்க போவுது. வழி விடுங்க” என்றேன். அவர் இன்னும் ஏதோ சொன்னார். நான் நிற்கவில்லை. நான்கு கிலோமீட்டருக்கு மேல் நடந்த பிறகு ஒரு ஷேர் ஆட்டோ கிடைத்தது.

என்னைப் பார்த்ததும் சேவல்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். நான் வரமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தாராம். அவர் கொல்லையில் வேறொரு சேவல் தயாராகக் கட்டிக் கிடந்தது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சேவலைத் திரும்பக் கொண்டுபோயிருக்கலாமோ என்னவோ. கேட்கவில்லை. கூடையை அவர் கையில் கொடுத்தேன்.

வெட்டும்போது பார்த்தேன், முகத்தைத் திருப்பவில்லை. கறிச்சோறு போட்டார்கள், சாப்பிட்டேன். அழுதேன் என்பதும் உண்மை. பிறகு எங்கள் தெருவில் இதைக் கேட்டவர்கள், காப்பாற்றுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு எப்படி வாயில் வைத்தாய் என்றார்கள். சாப்பிடவே கூடாது என்றால் இந்தக் கோழியை எந்த வீட்டில் வளர்ப்பார்கள்? வளர்க்காத கோழி எத்தனை வருடம் இருக்கும்? ஒரு சேவல் சாகும். அதன் கழுத்து அடுத்த குஞ்சுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அதை அவர்களுக்கு விளக்கி எழுதிக்கொடுக்க இது ஒன்றும் மனு இல்லை.

ஐந்து நாள் கழித்துப் பதினான்கு குஞ்சுகள் பொரித்தன. பதிமூன்றுக்குக் கழுத்தில் மயிரில்லை.

ஐப்பசியில் மழை விட்ட ஒரு நாள், நன்றாகத் தேறிய ஒரு சேவல் குஞ்சையும் இரண்டு பெட்டைகளையும் அந்தக் கிராமத்துக்குக் கொண்டுபோனேன். சேவல்காரர் அந்தச் சேவல் குஞ்சைத் தூக்கி, கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

“இவளுக்கு இந்தக் கால் வீக்கம் வத்தணும். இதையும் நேர்ந்து வுட்டுடறேன்” என்றார்.

“நேர்ந்து விடுங்கண்ணா. வெட்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி எனக்குச் சொல்லி அனுப்புங்க” என்றேன்.