பெருகட்டும் என்று போட்ட அரிசி

மண்பானைக்குள் ஒரு பிடி அரிசி விழுகிற சத்தம், தகரக் கூரையில் தூறல் தொடங்குகிற சத்தத்தைப் போலவே இருக்கும். மலாயாவில், பீடோங்கிற்கு அடுத்த ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், காலைப் 'பெரட்டு' என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் பெயர் கொடுக்க ஓடும் அவசரத்திலும், உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து, சாமி படத்துக்குக் கீழே இருந்த பானையில் போட்டு, "பெருகட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா அடுப்பைப் பற்றவைப்பாள்.

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. டின்னின் அடி தெரிந்தாலும் "நெறைஞ்சிருக்கு" என்றுதான் சொல்ல வேண்டும். வளையல் உடைந்தால் "பெருகிடுச்சு", விளக்கு அணைந்தால் "மலையேறிடுச்சு". பால் டின்னால் அரிசி அளக்கும்போது முதல் டின்னை 'ஒண்ணு' என்று எண்ணினால் கையில் அடி விழும். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ண வேண்டும். பீடோங் கடைத்தெருவில் பாய் கடைக்குப் போனால் அவர், "பரக்கத்தா இருக்கும்மா, எடுத்துட்டுப் போ" என்று சொல்லித்தான் பொட்டலத்தை நீட்டுவார். இத்தனை நல்ல சொற்களுக்கு நடுவில் கிழிந்த பாவாடையோடு திரிந்த நான், "நாமதான் ஏம்மா இன்னும் பெருகல?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. "இந்த வாய் இருந்தா வெளங்கின மாதிரிதான்" என்றாள் அம்மா.

பிறகு வெள்ளைக்கார அரசாங்கம் கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்கப் போட்ட அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. காட்டுக்குள் இருந்து சண்டை போடும் அவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று ஆளுக்கு இவ்வளவு என்று வாராவாரம் அரிசி அளந்து கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒரு டின் அதிகமாக வீட்டில் இருந்தாலும், யாருக்காகச் சேர்த்தாய் என்று கேள்வி வரும். மேல்லயத்து ஆள் ஒருவரை அப்படித்தான் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவரைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அவருடைய பெண்டாட்டியும் பிள்ளைகளும் இங்கேயே நின்றுபோனார்கள்.

அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார். "அந்தப் பானைய கொட்டிடு. ஆறு டின்னுக்கு மேல இருக்கும். பார்த்தான்னா என்னைத்தான் புடிப்பான்."

"வீட்டுல பெருகறத கையால கொட்டச் சொல்றீங்களா? திருநாளுக்குப் பொங்க வைக்கிற அரிசி" என்றாள் அம்மா. பானை அங்கேயே இருந்தது.

அடுத்த வீட்டிலும் அதே மாதிரி ஒரு பானை இருந்தது. செல்லம்மா அக்காவுக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் பிள்ளை இல்லை. "தெனம் ஒரு பிடி போட்டு வா, வீடும் பெருகும், வயிறும் பெருகும்" என்று அம்மாதான் அந்தப் பானையை வைத்துக் கொடுத்தாள். எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தபோது, கழுத்தில் தங்கம் போட்டால் வீக்கம் வடியும் என்று அக்கா தன்னுடைய ஒரே சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். அந்த வீக்கத்தால்தான் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் தனியாகக் கிடந்தேன்.

பெரியவர்கள் எல்லாரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போயிருந்த நேரம். கோடி வீட்டுத் தாத்தா, "அரிசி அளக்க வர்றாங்க" என்று ஒவ்வொரு கதவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எட்டிப் பார்த்தேன். லயத்தின் அந்தக் கோடியில் லாரி நின்றது. எங்கள் வீடு பத்தாவது.

பானையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். சாக்கடையில் கொட்டினால் வெள்ளையாக மிதக்கும். அதனால் சாம்பல் குழியில் கொட்டி, மேலே சாம்பலை இழுத்து மூடினேன். அத்தனையும் கொட்டவில்லை. பானையைத் துடைத்து வைக்கக் கூடாது, அடியில் ஒரு பிடியாவது இருக்க வேண்டும் என்று அம்மா சொல்லி வளர்த்த கை; அந்தப் பயத்திலும் ஒரு பிடியை மீதி வைத்தது.

அப்போது லாரி ஆட்கள் நாலாவது வீட்டில் இருந்தார்கள். செல்லம்மா அக்கா வீடு பதினொன்றாவது. பின்கதவுக்கு வெறும் கயிற்றுக் கொக்கிதான். அந்தப் பானையையும் கொட்டிவிட எனக்கு நேரம் இருந்தது. அவருடைய படிவரைக்கும் போனேன், கொக்கியில் கையும் வைத்தேன். எங்கோ ஒரு கதவை உதைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி ஓடி வந்து எங்கள் வீட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

துப்பாக்கியோடு ஒரு துரை வாசலில் நின்றார். உள்ளே வந்த போலீஸ்காரர் தமிழர், வேர்த்துக் கொட்டியிருந்தது. டின்னைச் சாய்த்து அளந்தார். "லாபம், ரெண்டு, மூணு" என்று அவர் எண்ணியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. கணக்கு சரியாக இருந்தது. பின்பக்கம் கோழிகள் சாம்பலைக் கிளறுகிற சத்தம் கேட்டது. அவரும் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு பானைக்குள் கையை விட்டார்.

"இது என்ன பாப்பா?"

"பெருகறதுக்குண்ணே."

என் முகத்தையும் கழுத்துச் சங்கிலியையும் பார்த்தார். அவர் வீட்டிலும் இப்படி ஒரு பானை இருந்திருக்க வேண்டும். வாசல் பக்கம் திரும்பி, "கோசோங், துவான்" என்றார். 'காலி, துரை' என்று மலாயில் சொன்னார். எங்கள் வீட்டுப் பானையைப் பார்த்து யாரும் சொல்லக் கூடாத சொல் அது. அப்பாவைக் காப்பாற்றியது அந்தச் சொல்தான்.

அடுத்த வீட்டில் ஆள் இல்லாததால் துரை தானே உள்ளே நுழைந்தார். பானையை அவரே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். தோட்டத்திலிருந்து செல்லம்மா அக்காவின் புருஷனைப் பால் வாளியோடு கூட்டிவந்து லாரியில் ஏற்றினார்கள். அக்கா வேலிவரைக்கும் ஓடினார். "சாமிக்குப் போட்ட அரிசிங்கய்யா, பிள்ளைக்குப் போட்ட அரிசி" என்று அவர் சொன்னதை அந்தப் போலீஸ்காரர் மலாயில் எடுத்துச் சொல்லித்தான் பார்த்தார். லாரி நிற்கவில்லை. அந்த மனிதர் திரும்பி வரவே இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது என்பார்கள், அதுவும் ஒன்றோடு சரி.

நான் அக்காவின் கொக்கியில் கை வைத்ததை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவோ, 'காலி' என்று சொன்ன தோஷம் போக மஞ்சள் தண்ணீர் விட்டுப் பானையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துப் பார்த்து அழுதாள். சங்கிலியை மறுநாளே திருப்பிக் கொடுத்தோம்.

பத்து வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். புருஷன் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல், நெற்றியில் பொட்டில்லாமல் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற செல்லம்மா அக்காவை அம்மாதான் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்தாள். அக்கா அதே சங்கிலியை என் கழுத்தில் போட்டு, "நல்லா இரும்மா, பிள்ளகுட்டியோட பெருகி வாழு" என்றார். என்னால் தலை நிமிர முடியவில்லை. பெண்ணுக்கு வெட்கம் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

இன்று அந்த லயம் இல்லை; வேலி இருந்த இடத்தில் எண்ணெய்ப்பனை நிற்கிறது. அரிசி பத்துக் கிலோ பையில் வருகிறது; என் பேரப்பிள்ளைகள் 'ஒண்ணு' என்றே எண்ணுகிறார்கள், நான் அடிப்பதில்லை. எனக்கு நான்கு பிள்ளைகள், ஒன்பது பேரப்பிள்ளைகள். செல்லம்மா அக்கா வாயால் சொன்னது அப்படியே பலித்துவிட்டது. அவர் சாகும்வரை பக்கத்தில்தான் இருந்தார், அந்தக் கொக்கியைப் பற்றி அவரிடமும் நான் சொல்லவில்லை.