அக்கா உட்கார்ந்த நாற்காலி

தூங்கக் கூடாது என்பது ஐந்தாவது விதி. எங்கள் ஈப்போ பள்ளியின் படிப்பறைக் கதவில் மலாயில் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள். காலணியை வெளியே கழற்று, கையைக் கழுவு, பேசாதே, தின்னாதே, தூங்காதே. முதல் நான்கையும் சிரமமில்லாமல் கடைப்பிடித்தேன். ஐந்தாவதுதான் என் உயிரை எடுத்தது.

ஈப்போவுக்கு வடக்கே, செமோரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. இப்போது அங்கே செம்பனைதான் நிற்கிறது. எண்பதுகளின் நடுவில் இன்னும் பால்மரங்கள் இருந்தன. அம்மாவும் அக்காவும் பால் வெட்டக் கிளம்பும் அதே இருட்டில் நானும் கிளம்புவேன். அவர்கள் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு ஒரு பக்கம் போவார்கள். நான் செம்மண் சடக்கில் நடந்து பஸ் நிற்கும் ரோட்டுக்கு இன்னொரு பக்கம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கப் பழகியிருந்தேன். ஈப்போவில் இறங்கும்போது சட்டை கசங்கியிருக்கும், பாடம் தொடங்கும் முன்பே உடம்பு முடிந்துபோயிருக்கும்.

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் இருந்தேன்; எங்களுக்கு வகுப்பு மதியத்தோடு முடியும். டவுன் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டு டியூஷனுக்குப் போவார்கள். எனக்குப் படிப்பறைதான் எல்லாம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் தும்மினால் வரிசை முழுக்கக் கேட்கும். பக்கத்து வீட்டு ரேடியோவையும் அதற்கடுத்த வீட்டுச் சண்டையையும் வைத்துக்கொண்டு பொருளாதாரம் படிக்க முடியாது. எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். வருடக் கடைசியில் பெரிய பரீட்சை. அதில் தேறாவிட்டால் மறுநாளே நானும் பெரட்டில் நிற்க வேண்டியதுதான். தேறுவதற்கு எனக்கு இருந்த ஒரே வழி அந்த அறையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி.

அதைத் தக்கவைப்பது லேசில்லை. பிள்ளைகள் அதிகம், நாற்காலி குறைவு. ஆகவே இன்னொரு விதியும் இருந்தது: தொடர்ந்து இரண்டு நாள் காலியாகக் கிடக்கும் நாற்காலி, காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். வகுப்புக்கு வராததற்குப் பின்னால் ஒரு கடிதம் கொடுத்துச் சமாளிக்கலாம். படிப்பறையில் அந்தப் பேச்சே கிடையாது.

படிப்பறைக்கு உள்ளே, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், கணினி அறை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தந்த சில கணினிகள். நாங்கள் மிசின் என்போம். குளிரூட்டி இருந்த அறை அது ஒன்றும் தலைமையாசிரியர் அறையும்தான். தூசு படக் கூடாதென்று ஒவ்வொரு மிசினுக்கும் நீலப் பூப் போட்ட துணி உறை. டீச்சர் சொல்லாமல் உறையை எடுக்கக் கூடாது. படிப்பறையில் நாற்காலி உள்ளவர்களுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் மிசின். என் முறை புதன்கிழமை.

கதவருகே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவன் என் வகுப்புத் தோழன். கண்ணாடி போட்டவன், அப்பா அரசாங்க ஆபீசில் வேலை. கைகளைப் பார்த்து உள்ளே விடுவதும் தூங்குகிறவனை எழுப்புவதும் அவன் பொறுப்பு. என்னைத்தான் அதிகம் எழுப்பியிருக்கிறான்.

"டேய் தோட்டம், கண்ணத் தொற லா. டீச்சர் வாராங்க. நீ கொறட்ட விட்டா நான்ல ஏச்சு வாங்கணும்."

அந்த மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். இரவே காய்ச்சல் கண்டது. செவ்வாய் முழுக்க எழுந்திருக்க முடியவில்லை. புதன் விடியலில் சட்டையை மாட்டப் பார்த்தேன், வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கடா கெளம்புற? நிக்கவே முடியல, பஸ்ஸு ஏறப் போறியா?" என்றார் அம்மா.

"இன்னைக்கும் போவலைன்னா எடம் போயிரும்மா. இன்னைக்கோட ரெண்டு நாளு."

அதைச் சொன்னது நினைவிருக்கிறது. அம்மாவும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதும் நினைவிருக்கிறது. அப்புறம் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பாய்க்குப் பக்கத்தில் அக்கா நின்று என் பள்ளிப் பையைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் பாவாடை சட்டை போட்டிருந்தாள்.

"எங்கக்கா போய்ட்டு வர?"

"ஒன் நெரைக்குத்தான்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. எங்கள் தோட்டத்தில் ஆளுக்கு இத்தனை மரம் என்று ஒதுக்கிய வரிசையை நிரை என்பார்கள். ஒருவர் படுத்துவிட்டால் வீட்டில் இன்னொருவர் போய் அவர் நிரையை வெட்டிவிட்டு வருவார். மரம் சும்மா நின்றால் வேலையை மேற்பார்க்கும் தண்டல் அதை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். வெட்டியது யார் என்று யாரும் கேட்பதில்லை. அப்பா இறந்தபோது அக்கா ஆறாம் வகுப்பில் இருந்தாள். அவர் நிரை கைவிட்டுப் போகாமல் இருக்க அவள்தான் கத்தியை எடுத்தாள். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. எங்கள் வீட்டுக்கு உலகத்தில் இருந்த எல்லா இடமும் அப்படித்தான்.

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார்: "காச்சல்னா எடம் போயிருமா? நம்ம வீட்டுல ஆளா இல்ல?"

அக்கா காலையில் பால் வெட்டி, எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, ஈப்போ பஸ் ஏறியிருக்கிறாள்.

"கேட்டுல எவனும் கேக்கல. ரூம்பு வாசல்லதான் ஒரு கண்ணாடிக்காரப் பையன், 'யாரு வேணும் அக்கா'ன்னான். தம்பிக்குக் காச்சல், அவன் எடத்துல நான் ஒக்கார்றேன்னேன். முழிக்கிறான்டா. 'அப்படிலாம் முடியாது லா'ங்கறான். ஏன் முடியாது? சிலிப்பரக் கழட்டிட்டேன், கையக் கழுவிட்டேன். வேற என்னா ரூல்ஸு இருக்கு, சொல்லு, செய்றேன்னேன்."

"ஐயோ அக்கா."

"என்னா ஐயோ? ஜன்னல் பக்கம்னு நீதான சொல்லுவ. போய் ஒக்காந்தேன். ஒன் புஸ்தகத்த விரிச்சி வச்சிக்கிட்டேன். அப்புறம் மணி அடிச்சி எல்லாரும் கண்ணாடி ரூம்புக்குப் போனாங்க. நானும் போனேன். புதன்கெழம ஒனக்கு மிசின் நாளு ஆச்சே."

நான் பாயில் எழுந்து உட்கார்ந்தேன். "அதத் தொட்டியா?"

"நான் எதுக்குத் தொடறேன்? டீச்சர் சொல்லாம ஒறைய எடுக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கல்ல. மடியில கைய வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். ஏன்டா, அந்த ரூம்பு என்னா அவ்ளோ குளுரு? பொணத்த வைக்கிற மாதிரி."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மீதியை வியாழக்கிழமை தெரிந்துகொண்டேன். வகுப்பு முடித்துப் படிப்பறைக்குப் போனேன். கண்ணாடிக்காரன் என்னைப் பார்த்ததும் வெளியே இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான், உங்க அக்கா சத்தியமா உள்ள வந்து வாயே தொறக்கல. நான் போய்ப் பேசுனா நான்தான ரூல மீறுறேன்? என்னா செய்யச் சொல்ற? அக்கா வேற. கையப் புடிச்சு வெளிய தள்ள முடியுமா?"

"அப்புறம்?"

"மிசின் முன்னால ஒக்காந்தாங்க. கொஞ்ச நேரத்துல தூங்கிட்டாங்க. அந்தப் பூப் போட்ட உறை மேலயே தலைய சாச்சு. டீச்சர் அப்பத்தான் வந்தாங்க."

கணினி அறை டீச்சர் சீனப் பெண்மணி, கண்டிப்பானவர். உறை நேராக இல்லையென்றாலே திரும்பப் போடச் சொல்வார்.

"ஏசுனாங்களா?"

"இல்லடா. போய் ஏர்கோனக் கொறைச்சாங்க. மணி அடிக்கிற வரைக்கும் அங்கயே நின்னாங்க. அப்புறம்தான் எழுப்புனாங்க. உங்க அக்கா எந்திரிச்சு, 'ஆடேக் சாயா டெமாம், செகு. சாயா கந்தி'ன்னாங்க. தம்பிக்குக் காச்சல், அவனுக்குப் பதிலா வந்தேன். அவ்ளோதான். பையத் தூக்கிட்டுப் போய்ட்டாங்க."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "சிரிச்சாங்க லா. பொய் சொல்ல மாட்டேன்."

டீச்சர் என்னைக் கூப்பிட்டார். அக்கா படித்தவளா என்று மலாயில் கேட்டார். ஆறாம் வகுப்பு வரை என்றேன். என்ன வேலை என்றார். பால் வெட்டுகிறாள் என்றேன். மேசை மீதிருந்த பென்சிலைச் சற்று நேரம் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு தன் முடிவைச் சொன்னார். புதன்கிழமை நாற்காலி காலியாக இல்லை. அதனால் அது என்னுடையதுதான். ஆனால் வெளியாள் ஒருவர் என் பெயரில் கணினி அறைக்குள் இருந்திருக்கிறார். அதை விட்டுவிட்டால் நாளைக்கு ஒவ்வொருவரும் ஒருவரை அழைத்து வருவார்கள். ஆகவே வருடம் முடியும்வரை எனக்கு மிசின் கிடையாது. சம்மதமா என்று கேட்டார். அதில் சம்மதிக்க என்ன இருக்கிறது என்று தெரியாமல் தலையாட்டினேன். அழவேண்டும் போலிருந்தது, அதற்கும் தெம்பில்லை.

மறுவாரம் கதவில் புதுத் தாள் ஒட்டியிருந்தது. இந்தத் தடவை மிசினிலேயே அச்சடித்தது. எழுத்தெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது: மாணவரின் இடத்தில் குடும்பத்தினர் அமரக் கூடாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பையன்கள் என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். "டேய், நாளைக்கு எனக்கு வயித்து வலி. உங்க அக்காவ வரச் சொல்றியா?" நான் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அது பேசக் கூடாத அறை.

டீச்சர் முடிவு சொன்ன அன்று மாலை வீட்டுக்குப் போனபோது, அக்கா வாசலில் உட்கார்ந்து பால்கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னா சொன்னாங்க? எடம் இருக்கா?"

"இருக்கு."

"பாத்தியா." அம்மா இருந்த பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: "எடம் இருக்காம் மா!"

மிசின் போனதைச் சொல்லவில்லை. அவளும் தூங்கியதைச் சொல்லவில்லை. நான் படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல்லில் கத்தி போய் வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் விரலிடுக்குகளில் பால் கறை கறுத்திருந்தது. அந்தக் கையைத்தான் பள்ளிக் குழாயடியில் தேய்த்துக் கழுவியிருப்பாள்.

"ஏன்டா," என்றாள், "அந்தத் துணிய எடுத்தா உள்ள என்னாதான் இருக்கும்?"

"டிவி மாதிரி ஒண்ணு. முன்னால எழுத்துக் கட்டையா இருக்கும். தட்டுனா, தட்டுறது டிவியில தெரியும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்க்கா."

"அதுக்கா அவ்ளோ குளுரு," என்றாள். கத்தியின் கூர்மையைக் கட்டைவிரலில் தொட்டுப் பார்த்தாள். போதவில்லை போலும். கல்லில் தண்ணீர் தெளித்து மறுபடி தீட்டத் தொடங்கினாள். காலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழ வேண்டியிருந்தது.