உள்ளங்கைச் சீனி

என் கையெழுத்து கோழி கிளறின மண் மாதிரி இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். பிழை இருந்தால் வாசிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டங்களுக்குப் போகிற பாதையில் எனக்கு ஒரு டீக்கடை. கூச்ச சுபாவம், ஆட்களிடம் பேச வராது. அதனால் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருத்தர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார், ஒருத்தர் கடைசி மடக்கைத் தரையில் ஊற்றிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் ஒருத்தர் பெண்டாட்டியோடு வந்து தோட்டத்துச் சாலையில், அதாவது தோட்டத்துக்குள் இருக்கிற காவல் வீட்டில், குடியேறினார். கொடியை வெட்டிக் கவாத்து பண்ணுகிற ஆள். முதல் நாள் கடைக்கு வந்து, "பால் வேணாம்ண்ணே, வெறுஞ்சாயம். சீனியக் கையில குடுங்க" என்றார். உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார். சீனியை நாக்கு நுனியால் ஒரு தொடு, சாயத்தில் ஒரு மடக்கு. டம்ளர் காலியாகும்போது கையிலிருந்த சீனியும் சரியாக முடிந்தது. அது எப்படி ஒன்றாக முடிகிறது என்பது எனக்குத் தீராத அதிசயம்.

பல நாள் கழித்துக் காரணம் கேட்டேன்.

"சிலோன்ல தேயிலைத் தோட்டத்துல இருந்தோம்ண்ணே. கலக்கிக் குடிச்சா சீனி ரெண்டு நாளைக்கு வராது. நக்கிக் குடிச்சா வாரத்துக்கு வரும். பழகிப் போச்சு."

தேயிலையில் கவாத்து வெட்டின கை என்பதால்தான் திராட்சைக் கொடியில் அவ்வளவு சுத்தமாகக் கத்தி ஓடுகிறது என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

ஆறேழு வருடம் போனது. சிலோனில் கலவரம் நடந்து, படகில் ஆட்கள் வந்து இறங்கிய சமயம். வந்தவர்களை முகாமில் வைக்கிறார்கள், வெளியே தங்குகிறவர்கள் போலீஸில் பதிய வேண்டும் என்று கடையில் பேசிக்கொள்வார்கள்.

ஒரு காலையில் புது ஆள் ஒருவர் வந்து டீ குடித்தார். நல்ல சட்டை, சிரித்த முகம். "இங்கன சிலோன்காரக யாரும் இருக்காகளா?" என்று கேட்டார். என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது.

"இந்தா வாராருல்ல, அவரு டீ குடிக்கிறதப் பாருங்க சார். வேடிக்கையா இருக்கும்."

அவர் வந்தார். சீனியைக் கையில் வாங்கினார். புது ஆள் ஓரமாக நின்று பார்த்தார்.

"எந்த ஊருய்யா?"

"இந்த ஊருதாங்க."

"இந்த ஊர்க்காரன் இப்படியா டீ குடிப்பான்? வெளிநாட்டு ஆளு ஸ்டேஷன்ல பதியணும்னு தெரியாதா?"

"நான் இந்தியாக்காரன்தாங்க. ரெண்டு சர்க்காரும் போட்ட ஒப்பந்தத்துல வந்தவன். பாஸ்போட்டு வீட்டுல இருக்கு."

"பேப்பரு கையில இல்லேன்னா முகாம்தான். ஏறு."

திருப்பத்தில் ஜீப் நின்றது. அவர் சீனிக் கையை மூடிக்கொண்டே ஏறினார்.

கடையை அப்படியே போட்டுவிட்டுத் தோட்டத்து வீட்டுக்கு ஓடினேன். அவர் பெண்டாட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"யாருண்ணே காட்டிக் குடுத்தது?"

"மொதல்ல பாஸ்போட்ட எடும்மா" என்றேன். அந்தம்மா தகரப்பெட்டியைத் திறந்து, துணிக்கடியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தது. இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

ஸ்டேஷனில் அந்த நல்ல சட்டை போட்டவர் இப்போது மேசைக்குப் பின்னால் இருந்தார். பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "தேதி முடிஞ்சு போச்சேம்மா."

"தேதி முடிஞ்சா நாங்க வேற நாடாயிருவமா சார்?"

அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். "பொறந்தது சிலோன்னு போட்டிருக்கு. உள்ளூர் ஆளு யாராச்சும் தெரியும்னு எழுதிக் குடுக்கட்டும். பெறகு பாப்போம்" என்றவர், என்னைப் பார்த்தார். "என்ன டீக்கடை, எழுதுவியா?"

என் வாழ்க்கையில் கடிதம்கூட எழுதினதில்லை. பேனாவை வாங்கி, 'இவரை எனக்கு ஏழு வருடமாய்த் தெரியும்' என்று எழுதினேன்.

"பூர்வீகம் எதுன்னு எழுது."

கை நின்றுவிட்டது. தெரியாது. தினமும் அந்த உள்ளங்கையை உற்றுப் பார்த்தவன், அந்த மனுஷன் எங்கிருந்து புறப்பட்டவர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"தொறையூருக்குப் பக்கம்ண்ணே. எங்க தாத்தாவக் கங்காணி தேயிலைக்கு ஆள் சேத்துக் கூட்டிட்டுப் போனது" என்றார்.

அதை எழுதி, என் பெயரையும் போட்டேன். காகிதத்தை வாங்கிக் கோப்பில் சொருகிவிட்டு, "கூப்பிட்டா வரணும்" என்று அவரை விட்டார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவரிடம் சொன்னேன்: "நான்தான் அந்தப் போலீஸ்காரருகிட்ட..."

"தெரியும்ண்ணே. ஜீப்புல அவரே சிரிச்சுக்கிட்டுச் சொன்னாரு." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வேடிக்கைன்னா சொன்னீங்க?"

அந்தம்மா என் பக்கம் திரும்பவேயில்லை.

கடைக்கு இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் அதே நேரத்துக்கு வந்தார். நான் சீனிக் கரண்டியை எடுத்தேன். அவர் கையை நீட்டவில்லை.

"பால் ஊத்தி, கலக்கியே குடுங்கண்ணே. எல்லாரையும் மாதிரி."

அன்றிலிருந்து அப்படித்தான். நாலைந்து வருடமாகிறது. ஸ்டேஷனிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. பால் டீ அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரியும். கடை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளங்கையில் சீனியை வைத்து நான் பழகிப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூடச் சீனியும் சாயமும் ஒன்றாக முடியவில்லை.

போன வாரம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அங்கன நீங்க குடியிருந்த லயம், அந்த வரிசை வீடு, எப்படி இருக்கும்? மலை நம்ம மேகமலை மாதிரியா?"

அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. வாயைத் திறந்தார். பிறகு பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். உரம் வாங்க வந்த யாரோ ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு நாளைக்குச் சொல்றேன்ண்ணே" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போனார்.

12-2-1989, ஞாயிற்றுக்கிழமை.