அடுப்பில் காய்ந்த அறுபது கூடுகள்

நெய்வேலியில் கையில் ஒரு பித்தளைச் சாமானோடு வெளியே வந்தால், எதிரே வருகிறவர்கள் புளி வேண்டுமா என்று கேட்பார்கள். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. நான் வைத்திருந்தது விளக்கும் அல்ல, செம்பும் அல்ல. சுட்டு முடித்த வேட்டைத் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள். கட்டைவிரல் தடிமன், விரலைவிடச் சற்று நீளம், ஒரு பக்கம் திறப்பு, உள்ளே கரி. குழாயடியில் ஒரு பெண் அதை வாங்கித் திருப்பிப் பார்த்து, இம்மாத்தூண்டு டம்ளருல யாருங்க குடிக்கிறது என்றாள். விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, உள்ளே போய் ஒரு உருண்டைப் புளி கொண்டுவந்து கொடுத்தாள். ரங்கூனில் இதே கூடுகளோடு தெருவில் நடந்தால், எந்தப் புத்த மடத்துக்கு என்று கேட்பார்கள். அங்கே பழைய பித்தளை என்றால் மணி வார்ப்பதற்கு. இங்கே பித்தளை என்றால் விளக்குவதற்கு.

பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் சிதறிக் கிடக்கும் நம்மவர்களுக்காகவும், வரலாமா வேண்டாமா என்று அங்கே இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். குறைகளை எழுதப் பலர் இருக்கிறார்கள். என் நாட்குறிப்பில் நன்றி சொல்ல வேண்டிய பக்கங்களே அதிகம். அவற்றில் ஒரு வாரத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ரங்கூனில் நான் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு வேட்டைத் துப்பாக்கிக் கடையின் பின்னறையில் வேலை பார்த்தேன். ஒரு முறை சுட்ட பித்தளைக் கூட்டைச் சுத்தம் செய்தால் மறுபடி வெடிமருந்து நிரப்பலாம். நிரப்புவது வேறொருவர், சுத்தம் செய்வது நான். எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஊறவைத்து, உட்புறக் கரியைத் தூரிகையால் தேய்த்து எடுத்து, கின்பூன் தண்ணீரில் அலசி, துணியில் வாயைக் கவிழ்த்து வெயிலில் வைப்பேன். கின்பூன் என்பது வேறொன்றும் இல்லை, நம் சீயக்காய்தான். நன்றாகக் காய்ந்த பின் தேக்கு மரத்தூளோடு ஒரு பையில் போட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, பையை இங்கும் அங்கும் உருட்ட வேண்டும். அரை மணி நேரத்தில் பித்தளை பளிச்சென்று வரும். மூக்கில் சுருக்கென்று ஏறும் டப்பா பாலிஷ் கூடாது. நெருப்பு அறவே கூடாது. கூட்டின் அடிப்பகுதி கடினமாக இருக்க வேண்டும். அங்கே சூடு ஏறினால் பித்தளை இளகிவிடும். சுடும்போது பிளந்து, சுடுகிறவன் முகத்திலேயே அடிக்கும். அப்படி ஒரு கண் போனவரை ரங்கூனில் நான் பார்த்திருக்கிறேன். கடைக்கு வந்து, இருந்த ஒரு கண்ணால் என்னைத்தான் பார்த்தார். அந்தக் கூடு எங்கள் கடையில் சுத்தம் செய்தது அல்ல. ஆனாலும் அவர் பார்வை எனக்கு மறக்கவில்லை.

நெய்வேலிக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. சுரங்கத்தில் பர்மனென்ட் ஆக முடியாத வயது. ஆனால் டவுன்ஷிப் அதிகாரிகள் சிலர் சேர்ந்து துப்பாக்கி சுடும் குழு ஒன்று நடத்தினார்கள். வெளிநாட்டுத் தோட்டா வருவது நின்றுபோயிருந்தது. குழுவிடம் இருந்தவை அறுபது பித்தளைக் கூடுகள் மட்டுமே. செயலாளர் ஒரு சுரங்கப் பொறியாளர். மருந்து நிரப்பும் லைசென்ஸ் அவரிடம் இருந்தது. கூடுகளைச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சுடும் போட்டிக்கு அறுபதையும் ஒழுங்காகத் தயார் செய்து கொடுத்தால், குழுவின் ஸ்டோர் வேலைக்கு என்னை எழுதி அனுப்புவதாகச் சொன்னார். அந்த வேலையோடு ஒரு அறைக் குவார்ட்டர்ஸும் வரும். கப்பலிலிருந்து இறங்கிய நாள் முதல் நானும் என் மனைவியும் பேசிக்கொண்டது அந்த ஒரு அறையைப் பற்றித்தான்.

நாங்கள் குடியிருந்தது நெய்வேலியை ஒட்டிய வடக்குத்து கிராமத்தில், அஞ்சலை என்பவளின் வீட்டு முன்னறையில். அறை தேடிப் போன மற்ற மூன்று வீடுகளில் சொந்த ஊர் எது, என்ன சாதி, பர்மாவில் என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். அஞ்சலை மட்டும், எத்தினி பேருங்க என்று கேட்டாள். தலைமுறையாய் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். இப்போது மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய், அந்தக் கூலியில் ஓடு போட்ட வீடு கட்டியிருந்தாள். என் மனைவி பழக்கத்தை விடாமல் முகத்தில் தனாகா பூசிக்கொண்டு நிற்பதைப் பார்த்து முதல் நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, யக்காவுக்கு அம்மை போட்டிருந்தா ஏன்ணா சொல்லலை என்றாள். அது மரப்பட்டையை அரைத்த பூச்சு, வெயிலுக்குக் குளிர்ச்சி என்றேன். அப்படியும் ஒரு கொத்து வேப்பிலையைக் கொண்டுவந்து வாசலில் செருகிவிட்டுத்தான் போனாள்.

போட்டிக்கு முந்திய புதன்கிழமை. ஐப்பசி அடைமழை. கூடுகளின் கரியை எடுத்து அலசி, ஒரு வாளித் தண்ணீரில் போட்டிருந்தேன். அன்று பிற்பகல் எனக்குக் குளிர் ஜுரம் கண்டது. வியாழனும் வெள்ளியும் என் நாட்குறிப்பில் ஒரு வரியும் இல்லை. இருபது ஆண்டுகளில் அப்படி வெறுமையாய் விட்ட பக்கங்கள் அவை இரண்டுதான்.

சனிக்கிழமை காலை எழுந்து உட்கார்ந்தபோது, முறத்தில் விரித்த துணியில் அறுபது கூடுகளும் வரிசையாக நின்றன. ரங்கூனில்கூட அப்படி ஒரு பளபளப்பை நான் கண்டதில்லை. மழையால் மைன்ஸில் வேலை நின்றுபோனதால் அஞ்சலை வீட்டில் இருந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் இது முடியாவிட்டால் குவார்ட்டர்ஸ் இல்லை என்று என் மனைவி புலம்பியதைக் கேட்டு, அவளே எடுத்துச் செய்து முடித்துவிட்டாள். மனைவி முகத்தில் தனாகாவையும் மீறிக் களை தெரிந்தது.

நான் ஒன்றை எடுத்துச் சிமெண்டுத் தரையில் போட்டேன். நல்ல கூடு விழுந்தால் மணி போல ஒலிக்கும். இது கொட்டாங்கச்சி விழுந்தது போலச் சத்தமிட்டது. இன்னொன்றைப் போட்டேன். அதுவும் அப்படியே. எப்படிக் காயவைத்தாய் என்று அஞ்சலையைக் கேட்டேன்.

"மழையில எங்கண்ணா காயும்? அடுப்புல நெலக்கரித் தணலு இருந்துச்சி, அதுமேல தகரத்த வெச்சி அடுக்கினேன். கார்த்திகைக்கு வெளக்கெல்லாம் அப்பிடித்தான் காய வெப்போம். இல்லாட்டி புள்ளி புள்ளியா பூத்துக்கும். மொதல்ல நீலமா நெறம் மாறிச்சி. ஐயோன்னு மறுக்கா புளி போட்டுத் தேச்சேன். போயிடிச்சி."

நெருப்புப் பட்டதைக் கண்ணுக்குச் சொல்லும் ஒரே சாட்சி அந்த நீல நிறம். அதையும் தேய்த்து எடுத்துவிட்டாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை. அந்த ஊரில் மழைக்காலத்தில் பித்தளையை அப்படித்தான் காக்கிறார்கள். நெருப்பு கூடாது என்று நான் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. ரங்கூனில் சொல்லவேண்டிய தேவை இருந்ததில்லை. வேலையைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன்.

மனைவி ஒரு கூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "பார்த்தால் யாருக்கும் தெரியாதே" என்றாள். அவள் சொன்னது உண்மை. எனக்கும் அந்த எண்ணம் வந்திருந்தது. மருந்தைக் குறைத்துப் போடச் சொன்னால் தாங்கலாம். அறுபதில் ஒன்றுகூடப் பிளக்காமலும் போகலாம். அந்தக் கணக்கு மனதில் வளர்வதற்குள் அஞ்சலையின் சுத்தியலைக் கேட்டு வாங்கினேன். வாசல் கல்லில் வைத்து ஒவ்வொன்றாக நசுக்கினேன். முதல் பத்தை நான் அடித்தேன். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட அஞ்சலை சுத்தியலை என் கையிலிருந்து எடுத்து மீதியை அடித்தாள். தான் தேய்த்ததைத் தானே நசுக்கினாள். கடைசிக் கூட்டை அடிக்கும்போது, "இத்தினி புளிக்கு ரெண்டு நாளு கொழம்பு வெச்சிருக்கலாம்ணா" என்றாள். அழுதுகொண்டிருந்த என் மனைவி சிரித்துவிட்டாள்.

சாக்குப் பையோடு நான் செயலாளர் வீட்டுக்குக் கிளம்பியபோது, வேண்டாம் என்று சொல்லியும் அஞ்சலை குடையோடு கூடவே வந்தாள். செயலாளர் பையைத் திறந்து பார்த்து, என்ன மிஸ்டர் இது, போட்டிக்கு முதல் நாள் பழைய பித்தளை எடைக்குப் போடுகிறீர்களா என்றார். நான் விளக்கத் தொடங்குமுன் அஞ்சலை முந்திக்கொண்டாள்.

"அடுப்புல வெச்சது நானுங்கய்யா. அவுரு ஜொரத்துல படுத்துக்கினு இருந்தாரு. வேலய அவுருக்கே குடுங்க."

செயலாளர் ஒரு நசுங்கிய கூட்டை எடுத்து விரலால் வளைத்துப் பார்த்தார். அது வளைந்தது. அடிப்பகுதி அப்படி வளையக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கோபித்துக்கொண்டார். இனி எதைச் சுடுவது என்று கேட்டார். "நாளை காலை முதல் குண்டை நான்தான் சுடுவதாக இருந்தது" என்று கடைசியில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அது நன்றியா, கண்டிப்பா என்று எனக்கு அன்று புரியவில்லை. போட்டி நடக்கவில்லை. ஸ்டோர் வேலைக்கு அவர் எழுதி அனுப்பவும் இல்லை. குழுவிடம் கூடே இல்லாதபோது ஸ்டோருக்கு ஆள் எதற்கு?

மூன்று வாரம் கழித்து அவரே ஜீப்பில் வடக்குத்துக்கு வந்தார். அதிகாரிகள் ஒவ்வொருவரும் வீட்டு மேசை இழுப்பறைகளில் நினைவுக்காக வைத்திருந்த காலிக் கூடுகளை, மூன்றும் நாலுமாகத் தேடிக் கொடுத்திருந்தார்கள். மொத்தம் இருபத்தேழு. ஆறு மாதம் டெம்பரவரியாகப் பாருங்கள், குவார்ட்டர்ஸ் பிறகு பார்க்கலாம் என்றார். போகும்போது அஞ்சலையிடம், அம்மா அடுப்பை அணைத்துவிட்டீர்களா என்று கேட்டார். அணைச்சிட்டேங்க, இன்னிக்கிப் பழையதுதான் என்றாள்.

இதை எழுதும்போது நான் இன்னும் டெம்பரவரிதான். மனம் அதற்காகக் கசக்கவில்லை. ரங்கூனில் பிறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் அங்கே இருந்தேன். அங்கே என்னை ‘கலா’, அந்நியன், என்றார்கள். அத்தனை ஆண்டும் டெம்பரவரியாகத்தான் இருந்திருக்கிறேன், யாரும் எழுதித் தரவில்லை, அவ்வளவுதான். இங்கே என்னைப் பர்மாக்காரர் என்கிறார்கள். ஆனால் பர்மாக்காரர் வீட்டில் மழைக்கு ஒழுகினால் ஓடு மாற்ற ஆள் வருகிறது.

எலுமிச்சைக்குப் பதில் இப்போது புளிதான் போடுகிறேன், நன்றாகவே இருக்கிறது. தேக்குத் தூளுக்கு இங்கே வழியில்லை. இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையின் ஓட்டை அஞ்சலை உரலில் இடித்துத் தருகிறாள். பைக்கு, என்னுடைய பழைய பர்மா லோஞ்சி. நம் கைலி போல முன்பே குழாயாக மூட்டிய துணி. இரண்டு வாயையும் கயிற்றால் கட்டினால் போதும். ஒரு முனையை என் மனைவி பிடித்துக்கொள்வாள், மறுமுனையை அஞ்சலை. நான் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்ப்பேன். மங்கிய ரங்கூன் கட்டங்களுக்குள் வடக்குத்து மல்லாட்டை ஓடும் பித்தளையும் சலசலவென்று அந்த முனைக்குப் போகும், இந்த முனைக்கு வரும். எந்த முனையிலும் நிற்கவிடக் கூடாது. நின்றால் பளபளப்பு ஒரு பக்கம்தான் ஏறும். அரை மணி ஆனதும் போதும் என்பேன். இன்னும் கொஞ்சம் என்று இரண்டு பேரும் உருட்டிக்கொண்டே இருப்பார்கள்.