மொட்டைமாடியில் இறங்கிய கடல் பறவை

போன வருடம் ஐப்பசியில், புயல் மழை ஓய்ந்த ஒரு காலையில் நடந்தது இது. திருப்பூர் ராயபுரத்தில் குடியிருக்கிறோம். எனக்குப் பனியன் கம்பெனியில் வேலை. மொட்டைமாடிக்குப் போனபோது, தண்ணீர்த் தொட்டியோரம் ஒரு பறவை ஒடுங்கிக் கிடந்தது. மேலே கறுப்பு, அடியில் வெள்ளை, பிளந்த வால். காக்கைகள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன.

விரட்டிவிட்டு, துண்டில் சுற்றித் தூக்கி வந்தேன். "ஒரு பறவைக்கா லீவு போடப் போறே?" என்று முணுமுணுத்த கணவர்தான் அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டையும் போட்டுக் கொடுத்தார்.

கல்லூரியில் வேலை பார்க்கும் என் சிநேகிதி, ஞாயிறானால் குளக்கரையில் பறவை பார்க்கப் போய்விடுவாள். அவளுக்குப் படம் அனுப்பினேன். "ஆத்து ஆலாவாட்ட இருக்குது. குளத்துல உட்டுரு, பொழச்சுக்கும்" என்றாள்.

வண்டியை எடுக்கும் முன், ஆறு குளங்களில் மீன் பிடித்துத் திரியும் அந்த ஆற்று ஆலாவைப் போனில் தேடிப் பார்த்தேன். அதற்கு மஞ்சள் அலகு, சாம்பல் முதுகு. பெட்டிக்குள் இருந்ததற்கு இரண்டுமே கறுப்பு. மனசு ஒப்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன்.

"இது அது இல்லை. நீ நேர்ல வந்து பாரு."

"கிளாஸ் இருக்குதே."

"முடிச்சுட்டு வா. அதுவரைக்கும் இதை எங்கேயும் உட மாட்டேன்."

பறவைப் புத்தகத்தோடு வந்தாள். ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு கடல் ஆலாக்கள் அதில் இருந்தன. ஒன்றுக்குப் பழுப்பு முதுகு. நெற்றி வெள்ளை புருவம்போல் கண்ணைத் தாண்டி நீளும். இன்னொன்றுக்குக் கறுப்பு முதுகு. வெள்ளை கண்ணோடு நின்றுவிடும். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் பிடித்துக்கொள்ள, நான் இரண்டு பக்கமும் பார்த்தேன். வெள்ளை கண்ணோடு நின்றிருந்தது.

"நடுக்கடல் பறவை. புயல் தள்ளிட்டு வந்திருக்குது" என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. "நாஞ் சொன்னதைக் கேட்டுக் குளத்துல உட்டிருந்தா பட்டினியில செத்திருக்கும்."

வனத்துறை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த ஊழியரும், "குளத்துல உட்டாப் போகுதுங்க" என்றார்.

"கடலுக்குத்தானுங்க போகோணும். உங்க ஆபீசரைப் பாக்காம நாங்க போறதா இல்லீங்க" என்றேன்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். சாம்பிள் என்னாச்சு என்று கம்பெனியிலிருந்து போன்மேல் போன். எடுத்து, லீவு என்று சொல்லி வைத்தேன். மத்தியானம் வந்த அதிகாரி பறவையையும் புத்தகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். உடனே கால்நடை மருத்துவரை வரவழைத்தார். சிறு மீன்களை ஒவ்வொன்றாக ஊட்டியதில், மறுநாள் அது தலையை நிமிர்த்தியது. கிழக்குக் கடற்கரைக்குக் கிளம்பிய ஜீப்பில் எங்களையும் ஏற்றிக்கொண்டார்கள்.

மணலில் பெட்டியைத் திறந்தோம். அது அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் காற்று பலமாக அடித்தது. பறவை சிறகை விரித்தது. அலையைத் தொடுகிற மாதிரி தடுமாறிப் போய், அப்புறம் ஒரே நேராகக் கடலுக்குள் போனது.

குளத்தில் விடச் சொன்ன அதே ஊழியரும் ஜீப்பில் கூட வந்திருந்தார். கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தெரியலீங்க இப்ப" என்றார் கடைசியாக.

அது பிழைத்துக் கிடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் யாராவது எதையாவது காட்டி "இதுவாத்தான் இருக்கும்" என்று சொன்னால், இப்போதெல்லாம் ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்க்காமல் நான் தலையாட்டுவதில்லை.