மூன்று மணி நிழல்

சபையில் எல்லோரும் எழுந்து நின்று ஆண்டவர் செய்ததைச் சாட்சி சொல்லுவார்கள். என்னால் எழுந்திருக்க முடியாது. இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி இல்லை. அதனால் படுத்தபடியே சொல்கிறேன், என் மனைவி மேரி எழுதுகிறாள். நடுவில் அவள் தன் சரக்கைச் சேர்த்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து விழுந்தேன். முதுகெலும்பு போயிற்று. அதைப் பற்றி இங்கே அழப்போவதில்லை, அழுது முடித்தாகிவிட்டது. 2006 தொடக்கத்தில் ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், வயல் நடுவே, மேரியின் அண்ணன் கொடுத்த துண்டு நிலத்தில் ஒரு சிமென்ட் ஷீட் வீடு போட்டுக்கொண்டு குடிவந்தோம். கரண்ட் கம்பம் அந்தப் பக்கம் வரவில்லை. மனு கொடுத்துக் கொடுத்து மேரியின் செருப்புதான் தேய்ந்தது.

கரண்ட் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு இருட்டு. எனக்கு உயிர்ப் பிரச்சினை. நான் படுப்பது காற்று மெத்தையில். சின்ன மோட்டார் ஒன்று அதன் குழாய்களில் மாற்றி மாற்றிக் காற்றடைக்கும். உடம்பு ஒரே இடத்தில் அழுந்தாது. அது நின்றால் படுக்கைப் புண் வரும். ஏற்கெனவே வந்த ஒரு புண் எலும்பு வரை போய், மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். "இன்னொண்ணு வந்தா தாங்கமாட்டீங்க" என்று டாக்டர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்.

அப்போது வந்தவர் பாஷா பாய். பழவேற்காட்டுக்காரர். ஆலையில் என்னோடு எலக்ட்ரீஷியனாக இருந்தவர், பிறகு சோலார் விளக்கு மாட்டும் தொழிலுக்குப் போய்விட்டார். கூரைமேல் சோலார் பலகை, கட்டிலுக்குக் கீழே பேட்டரி, என் கண்ணுக்கு நேரே சுவரில் ஒரு பெட்டி. எல்லாம் ஒரே நாளில் மாட்டினார்.

"இத்தப் பாருண்ணே. பச்ச எரிஞ்சா சூரியன் வேல செய்துன்னு அர்த்தம். சேப்பு எரிஞ்சா பேட்டரி காலி. ஒடனே எனக்குப் போன் போடு, சும்மா பாத்துகினு கெடக்காத."

பாய் போன மறு வாரம் சபையார் வந்து வீட்டுக்காக ஜெபித்தார்கள். கம்பெனி பேக்கிங் கட்டையில் ஆறடிச் சிலுவை ஒன்று செய்து கொண்டுவந்து, கூரையின் தென்மேற்கு மூலையில் போல்ட் போட்டு நிறுத்தினார்கள். எனக்குச் சந்தோஷம். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் செய்யும் ஜெபமே, 'ஆண்டவரே, உம் சிலுவை நிழலில் எங்களை வைத்துக்கொள்ளும்' என்பதுதான். சொல்லிச் சொல்லி அது வாயில் தானாக வரும்.

பங்குனி முதல் புரட்டாசி வரை ஒரு குறையும் இல்லை. மழைக்காலம் வந்தது. கார்த்திகையில் ஆரம்பித்தது பேஜாரு.

மேரி கம்பெனி கேன்டீன் வேலைக்கு எட்டு மணிக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வருவாள். அதுவரை நானும் பெட்டியும்தான். அன்று மழை விட்டு, வெயிலில் கண் கூசியது. கூரை ஷீட் ஒருமுறை 'டக்' என்றது. யாரோ மேலே ஒரு காலை வைத்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் பச்சை அணைந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். மணி மூன்று.

மறுநாளும் வெயில். அதே 'டக்'. பச்சை அணைந்தது. மூன்று மணி. அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்று மணி எந்த நேரம் என்று விசுவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் ஆண்டவர் உயிர்விட்ட நேரம்.

பிறகு இரண்டு மணியிலிருந்தே எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. கூரைமேல் யாரோ நிற்கிறார்கள். அசையவில்லை, பேசவில்லை, நிற்கிறார்கள். என்னால் எழுந்து போய்ப் பார்க்க முடியாது என்பதும் அவர்களுக்குத் தெரிகிறது. மேரியிடம் சொன்னேன். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒண்ணியும் இல்லியே, காக்காகூட இல்ல" என்றாள். அவள் பார்த்தபோது பொழுது சாய்ந்துவிட்டிருந்தது.

மழைக்கால வெயிலே கொஞ்சம், அதிலும் பாதி போயிற்று. விடிவதற்குள் சிவப்பு எரியும், மெத்தை இறங்கிவிடும். இது எலக்ட்ரீஷியன் வேலையில்லை என்று நான் பாய்க்குப் போன் போடவில்லை. மேரி எழுந்து என்னைக் கையாலேயே புரட்டிப் போடுவாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அப்படிப் புரட்டும்போது அவள் கை நின்றது. எனக்கு அங்கே தொட்டாலும் தெரியாது. ஆனால் அவள் மூச்சு மாறியது தெரிந்தது.

"செவந்து கீதா?" என்று கேட்டேன்.

"லேசா" என்றாள். அழுதாள்.

அன்று ஜெபிக்க வந்த சபைச் சகோதரி ஒருவர், "பாய் கை வெச்ச பொட்டியாச்சே, இன்னா மந்திரிச்சி வெச்சாரோ" என்று சொல்லிவிட்டுப் போனார். வெட்கத்தோடு சொல்கிறேன், நான் அதை நம்பினேன். பாய்க்குப் போன் போடக்கூடாது என்று மேரியைத் தடுத்தேன்.

"ஆஸ்பத்திரில உன்னக் குளிப்பாட்டி உட்டது அந்த மனுசன்யா. உன் வாயி கூசல?" என்றாள். (இதைவிட அதிகமாகச் சொன்னேன், அவர் குறைத்துச் சொல்கிறார். மேரி.)

மறுநாள் மூன்று மணி நெருங்கியது. பழக்கத்தில், 'ஆண்டவரே, உம் சிலுவை நிழலில்' என்று ஆரம்பித்தேன். 'டக்.' பச்சை அணைந்தது. எனக்கு வந்ததே கோபம்!

"நெழலு நெழலுன்னு கேட்டது போதும் நைனா! எனக்கு நெழலு வாணாம், வெயிலு வோணும்! மேல இன்னா நின்னுகினு கீதோ அத்த எடுத்துடு!" என்று கத்தினேன்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு நெல் தாள்கூட ஆடவில்லை. கொக்கு சத்தம்கூட இல்லை. கூரைமேல் எதையோ மெல்ல இழுக்கிற மாதிரி ஒரு ஓசை. பிறகு வாசலில் தடாலென்று விழுந்தது. பச்சை எரிந்தது. நான் பெட்டியைப் பார்த்தேன், ஜன்னலைப் பார்த்தேன். வாசலில் மல்லாந்து கிடந்தது சிலுவை.

பச்சை எரிகிறதே என்று சந்தோஷப்பட முடியவில்லை. நான் எதை எடுக்கச் சொல்லிவிட்டேன்! மேரி வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

அவள் என்னைக் கேட்காமலே பாய்க்குப் போன் போட்டாள். மறுநாள் லீவும் போட்டாள். பகல் தொழுகையை முடித்துவிட்டுப் பாய் வந்தார். கூரை ஏறினார். மூன்று மணிக்கு 'டக்' என்றது. பச்சை அணைந்தது. எனக்கு உயிரே போயிற்று.

"அண்ணே, பச்ச கீதா?" என்று மேலேயிருந்து கத்தினார்.

"இல்ல பாய், அணஞ்சிடுச்சி!"

"இப்ப?"

"எரியுது!"

வாசலில் நின்ற மேரி பிறகு சொன்னாள். சிலுவை இருந்த இடத்தில் பாய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாராம். அவர் நிழல் பலகைமேல் விழுந்தபோது பச்சை அணைந்தது. விலகியதும் எரிந்தது.

"பலகைல இம்மாத்துண்டு நெழலு உழுந்தாலும் மொத்தமும் படுத்துக்கும். மழ மாசத்துல சூரியன் தெக்கால சாயிதுல்ல, அதான் சிலுவ நெழலு மூணு மணிக்குச் சரியா வந்து உழுந்துகீது" என்றார், இறங்கி வந்து. பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு புரியலண்ணே. நாலு போல்ட்டும் அப்பிடியே கீது. ஒரு நட்டுகூட கயலல. கட்டயும் ஒடயல, செல்லும் அரிக்கல. அது எப்பிடி கீழ வந்துது?"

நான் ஜெபித்ததைச் சொன்னேன். அவரைச் சந்தேகப்பட்டதையும் சொல்லி அழுதேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மெத்தையை அழுத்திப் பார்த்து, "காத்து நல்லா ஏறுதுண்ணே" என்றார்.

கிறிஸ்துமஸுக்குள் தோலில் கண்ட அந்தச் சிவப்பு மறைந்தது. டாக்டர் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். ஆண்டவருக்கே நன்றி. அன்றிலிருந்து யாரைப் பற்றியும் ஒருவர் சொன்னதை வைத்து நான் எதையும் நம்புவதில்லை.

பிரியமானவர்களே, நீங்களும் கேளுங்கள், கோபத்தோடாவது கேளுங்கள். ஆனால் பழக்கத்துக்காக ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். அவர் சொல்லுக்குச் சொல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சிலுவையை வாசலில் நட்டிருக்கிறோம், என் ஜன்னலுக்கு நேரே. குழி தோண்டியது பாய்தான். வெயில் அடிக்கிற நாளில் மூன்று மணிக்கு அதன் நிழல் ஜன்னல் வழியாக வந்து என் கால்மேல் விழுகிறது. கொசு கடித்தாலும் தெரியாத கால். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பேன். நிழல் வந்ததும் கால் சில்லென்று ஆகிறது.