கேட்டில் வைத்த கட்டைவிரல்

இப்போது நான் கட்சியின் ஒன்றியக் கவுன்சிலர். அதற்கு முன் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் பாய்லர் அட்டெண்டர், சங்கச் செயலாளர். புதிதாகச் சங்க வேலைக்கு வரும் தோழர்களுக்கு எங்கள் வேலைநிறுத்தத்தின் முதல் நாளைச் சொல்லியாக வேண்டும்.

ஆலை நின்றாலும் பாய்லர் உடனே நிற்காது. உலையில் கிடக்கும் சக்கை எரிந்து தீரும்வரை ஒருவர் கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் இறங்கினால் டியூப் வெடிக்கும். அதனால் வேலைநிறுத்தத்திலும் எங்கள் ஆள் ஒருவர் சட்டையில் சிவப்புத் துணி குத்திக்கொண்டு உள்ளே இருப்பார். வருகைப் பதிவும் இல்லை, கூலியும் இல்லை. ஷிப்ட் முடிந்தால் மாற்று ஆள் போவார். இது பழைய வழக்கம்.

அன்று காலை உள்ளே போனவர் கல்வராயன் மலைக்காரர் பச்சையப்பன். மதியம் மாற்று ஆள் போனபோது பர்சனல் ஆபீசர் கேட்டில் மறித்தார்.

"மெஷின்ல கைரேகை வெச்சாதான் உள்ள வுடுவேன்."

ரேகை வைத்தால் வேலைக்குத் திரும்பியதாகப் பதிவாகிவிடும். மாற்று ஆள் பின்வாங்கினார்.

"கருங்காலின்னுவாங்க தலைவரே. என்னால ஆவாது."

அவர் பயம் நியாயம்தான். ஆபீசரிடம் பேசிப் பேசியே சாயங்காலம் ஆகிவிட்டது. பச்சையப்பனிடமிருந்து போன் வந்தது.

"தோழர், கண்ணு இருட்டிக்கினு வருது. தண்ணி மேல இருக்குதா, கீழ இருக்குதான்னே தெரில."

ஆபீசரிடம் ஓடினேன். "சார், உள்ள ஒரு உயிரு இருக்குதுங்க."

"ஸ்ட்ரைக் உங்களுது. உயிருக்கும் நீங்கதான் பொறுப்பு" என்றார். படித்த மனிதர்தான்.

பாய்லர் சர்டிபிகேட் எனக்கும் உண்டு. கட்டைவிரலை வைத்தேன். மெஷின் வழக்கம்போல "தேங்க்யூ" என்றது. கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது.

பின்னால் நின்ற தொழிலாளர்களிடமிருந்து ஒரு குரல் கேட்டது. "இன்னா தலைவரே, நீங்களே வெச்சிட்டீங்களே!"

உள்ளே பாய்லர் அருகே பச்சையப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்ற பயம். அவரை வெளியே அனுப்பிவிட்டு, உலை அணையும்வரை நான் இருந்தேன்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில், 'சங்கச் செயலாளரே வேலைக்குத் திரும்பிவிட்டார்' என்று ஒட்டினார்கள். பாதிப் பேர் உள்ளே போய்விட்டார்கள். வேலைநிறுத்தம் பிசுபிசுத்தது. எனக்கு அழுகையாக வந்தது.

பிறகு கட்சி என்னைத் தேர்தலில் நிறுத்தியது. மலையில் ஓட்டுக் கேட்டுப் போனபோது எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், "கருங்காலிக்கா ஓட்டு?" என்று கத்தினார். கூட்டத்திலிருந்து பச்சையப்பனின் மனைவி எழுந்தார்.

"அவரு ரேகை வெச்சதாலதான்யா எங்க வூட்டுக்காரரு உசுரோட வூடு வந்தாரு. நீ இன்னா வெச்ச?"

இப்போதும் போராட்டத்துக்கு நாள் குறிக்கும் கூட்டங்களில் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "பாய்லர்ல யாரு? அவருக்கு மாத்து யாரு?" பதில் வரும்வரை நாள் குறிக்க விடமாட்டேன்.